புது வீட்டுக்குள் வலது கால்

சனிக்கிழமை, திண்டிவனம்.

'கிரகப்பிரவேசத்தன்று மாடே உள்ளே வந்ததே, அப்பா' என்று இன்று நான் சொல்லவில்லை. வழக்கம்போல் நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

வாடகைக்கு விட நாங்கள் கட்டிய புது வீட்டைப் பார்க்க ஒரு டீச்சர் வந்திருந்தார். வளவனூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். நாய் வளர்ப்பதால் இந்த ஊரில் யாரும் அவருக்கு வீடு தரவில்லை. அந்த நாய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டைல்ஸெல்லாம் பாழாயிடும்மா. நாய் வாணாம்," என்றார் அப்பா.

"இத வுட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேங்க," என்று டீச்சர் செருப்பை மாட்டினார்.

அப்போது அம்மா காபியோடு வந்தாள். "ஏங்க, பால் காய்ச்சினப்போ இதே டைல்ஸ்லதான மாடு சாணி போட்டுது? நீங்க கும்பிட்டுக்கினு நின்னீங்க."

"அது அன்னிக்கே போயிடுச்சு."

"மாடு போயிடுச்சு. சாணிய வாரினது நானு."

முதலில் சிரித்தது டீச்சர். அப்பாவும் அடக்கிப் பார்த்துத் தோற்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு டீச்சரிடம் சொன்னார்: "வலது கால எடுத்து வெச்சி வரச் சொல்லும்மா."

டீச்சர் கூப்பிட்டார். நாய் ஓடி வந்து, நாலு காலும் வாசற்படியில் படாமல் ஒரே தாவலில் உள்ளே வந்துவிட்டது.