சீனி இல்லாத ஓட்ஸ் பார்

செவ்வாய்க்கிழமை, இரவு.

சாயங்காலம் கடற்கரையில் நடந்துவிட்டு இவர் வீட்டுக்குள் வந்தார். வந்த வழியெல்லாம் தரையில் ரத்தம். உட்காரவைத்துப் பார்த்தால், குதிகாலில் உடைந்த சிப்பி ஓடு ஆழமாக ஏறியிருக்கிறது. பிடுங்கும்போதுகூட முகம் சுளிக்கவில்லை.

"ஏளா, எப்பம் குத்திச்சுன்னே தெரியல" என்றார்.

அப்போதும் கையில் ஓட்ஸ் பார். துபாயிலிருந்து மகன் பெட்டி பெட்டியாக அனுப்புகிறான். ஹார்பர் டூட்டியில் பசித்தாலும் இவருக்கு அதுதான்.

"ஓட்ஸும் தேனும்தான ளா. சீனி கெடயாது. சுகர்காரங்களுக்கு நல்லதுன்னு அவன்தான சொன்னான்."

இன்றுதான் கண்ணாடி போட்டு உறையைப் படித்தேன். ஓட்ஸுக்கு அடுத்தது குளுக்கோஸ் சிரப், பிறகு சீனி, கடைசியில்தான் தேன்.

இவர் விரலில் குத்திப் பார்த்தேன். சுகர் மிஷினில் எண் வரவில்லை, 'ஹை' என்று மட்டும் வந்தது.

"மிஷின் கெட்டுப் போச்சு" என்றார்.

என் விரலிலும் குத்தினேன். எனக்குச் சரியாகக் காட்டியது.

டாக்டர் போனில், விடியும்வரை வைத்திருக்காமல் உடனே கூட்டிவரச் சொன்னார். இப்போது உள்ளே காலைப் பார்க்கிறார்கள். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி என்றால் சண்டைக்கு வருகிற மனுஷர், இன்று தானாகவே ஆட்டோவில் ஏறி என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க இவர் என் கையைப் பிடித்ததே இல்லை.