பழைய கார்ட், புதுப் பவர் சப்ளை

திங்கள், ஜனவரி 19

காலையில் மழை, பிறகு மப்பு. மருந்துக் குளிசை போட்டாயிற்று. உடுப்புக் காயவில்லை.

ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போகிறோம். முடிவு மனைவி சுபாவுடையது. மருந்துக்கடையில் அவளோடு வேலை செய்கிற பெண் சொன்னாளாம், பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது என்று. நாம் ஓட்டுவதை மற்றவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பேசுவதைக் கேட்கலாம், ஏதாவது எழுதியும் அனுப்பலாம். எங்கள் பழைய லப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். பஸ் கராஜை விட்டு வெளியே வரவில்லை. படம் திக்கித் திக்கி, விசிறி கத்தி, எல்லாம் நின்றுவிட்டது.

இந்தக் கொப்பியில் இதுவரை என் நோயை 'வருத்தம்' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்று பெயரை எழுதுகிறேன். வலிப்பு. கோடையில் குசினியில், அடுப்புப் பக்கத்தில் ஒருமுறை, பிறகு கடை வாசலில் ஒருமுறை. பதினாறு வருடம் ஓட்டிய பஸ் அதோடு போயிற்று. கார் லைசன்ஸ் ஒருநாள் திரும்பி வரலாம், பஸ்ஸை நம்பியிருக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். நல்ல மனுசன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

டிப்போவில் மனேச்சருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் நாரி நோ, இடுப்பு வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லப்டொப்பை மூடும்போது சுபா கேட்டாள். "நீங்கள் வாய் திறந்து கதைச்சு எவ்வளவு நாளாச்சுது எண்டு தெரியுமோ?"

கதைத்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்தேன்.

எல்லை அறுநூறு பவுண்ட். அதற்குள் எல்லாம்.

செவ்வாய், ஜனவரி 20

ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன். வலிப்புக்காரன் கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடலாமா என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. மின்னும் வெளிச்சம் காட்டிச் செய்த சோதனையில் எனக்கு ஒன்றும் வரவில்லையாம். விளையாடலாம். இடையிடையே எழும்ப வேண்டும், நித்திரையைக் கெடுக்கக்கூடாது, குளிசை தவறக்கூடாது. தனியாக இருக்கும்போது வேண்டாம். பகலில், சுபா வீட்டில் நிற்கிற நேரம் என்று முடிவு.

மத்தியானம் முழுக்க வீடியோ பார்த்தேன். ஒரே கம்ப்யூட்டரில் விளையாடவும் வேண்டும், அதையே வெளியே அனுப்பவும் வேண்டும் என்றால் விலை கூடின ப்ரோசெசர் வேண்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அனுப்புகிற வேலையைக் கிராபிக்ஸ் கார்ட்டே பார்த்துக்கொள்ளும், கார்ட் மிகப் பழையதாக இல்லாவிட்டால். ஆகவே காசு கார்ட்டுக்கு. ப்ரோசெசர் நடுத்தரம்.

ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். குறைத்ததுதான் பிறகு மற்ற எல்லாவற்றையும் பிடித்து இழுக்கும். இரண்டு தாள் கிறுக்கி எறிந்தேன். நேரம் போனது தெரியவில்லை. கன நாளைக்குப் பிறகு அப்படி.

பால் முடிந்தது.

வியாழன், ஜனவரி 22

மெமரி விலை பார்த்துத் திகைப்பு. போன வருடத்து வீடியோக்களில் சொல்லும் விலைக்கும் இப்போதைய விலைக்கும் சம்பந்தமே இல்லை. புது வகை மெமரி எங்களுக்கு எட்டாது. அதனால் ஒரு தலைமுறை பழைய மதர்போர்ட், அதற்குப் பொருந்தும் பழைய மெமரி. வேகம் கொஞ்சம் குறையும். எங்கள் லூயிஷாம் தெருக்களில் நான் எப்போது வேகமாக ஓட்டினேன்?

எது பழையதாக இருக்கலாம், எது இருக்கக்கூடாது? கம்ப்யூட்டர் பெட்டி பழையது, சரி. ப்ரோசெசர் பழையது, சரி. கார்ட்டும் பழையதுதான் எங்கள் காசுக்குக் கட்டும். பவர் சப்ளை மட்டும் புதிதாக வேண்டும். திரையில் அதன் வேலை ஒன்றும் தெரியாது, ஆனால் அது பழுதானால் மற்றதையும் கொண்டுபோய்விடும். மூளையில் மின்சாரம் ஒழுங்குகெட்டு ஓடுவதுதான் உங்கள் வருத்தம் என்று டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க மனம் வரவில்லை.

பின்னேரம் ரவியண்ணை போன் எடுத்தார். டிப்போவில் எனக்கு முன்பே சேர்ந்தவர், எனக்குப் பாதை பழக்கியவர். கிழமைக்கு ஒருமுறை எடுப்பார். நாரிக்கு எண்ணெய் பூசுகிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். சிவன் கோயிலில் ஒருவரிடம் இன்னொரு போத்தல் கொடுத்துவிட்டிருக்கிறாராம். ஏற்கெனவே மூன்று போத்தல் அலுமாரியில். ஒன்றும் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? நாரி நோ என்றால் திரும்பி வருவான் என்று நினைப்பார்கள். மற்றதைச் சொன்னால், நான் ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்களை எண்ணிப் பார்ப்பார்கள். நானே எண்ணிப் பார்க்கிறேனே.

சனி, ஜனவரி 24

சண்டை. சின்னது.

மிச்சக் காசுக்கு இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம். ஸ்டியரிங் வீலும் பெடலும் சேர்ந்த பழைய செட், அல்லது நல்ல மைக். எனக்கு வீல். பட்டனை அமத்தி எவன் பஸ் ஓட்டுவான்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று தந்த கொன்ட்ரோலர் இருக்கிறதே, அது போதும் என்கிறாள் சுபா. மைக்தான் வேண்டுமாம்.

அப்படியென்றால் வெளியே அனுப்புகிற கதையையே விடுவோம், நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

கத்தரிக்காயை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "உங்களுக்கு ஓட்டிறதுக்கெண்டு நான் இதைத் தொடங்கேல்லை. கதைக்கிறதுக்குத்தான் தொடங்கினனான். நான் வேலையால வந்தா இந்த வீட்டில ரீவி மட்டும்தான் கதைக்குது."

வெளியே போய் லூயிஷாம் சந்தையைச் சுற்றி நடந்தேன். வாழைப்பழம் வாங்கினேன். திரும்பி வந்து மைக்கை ஓடர் பண்ணினேன். சாப்பிடும்போது சொன்னேன். தலையாட்டினாள். கறிக்கு உப்புக் குறைவு.

ஞாயிறு, ஜனவரி 25

குளிர், நல்ல வெயில். கார்ட் வாங்க கோலியர்ஸ் வுட் வரை போனேன்.

விற்றவர் நித்யா. கோயம்புத்தூர்க்காரி, ஐடி வேலை. குழந்தை பிறந்து மூன்று மாதமாம், நெஞ்சோடு கட்டி வைத்திருந்தார். இனி விளையாட நேரமில்லை என்று விற்கிறார். கார்ட்டைத் தன் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டுக் காட்டினார். சூடு, சத்தம் எல்லாம் பார்க்கச் சொன்னார். குழந்தை விசிறிச் சத்தத்துக்கே பழகிப்போய் நித்திரை.

என்ன விளையாட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். பஸ் என்றேன்.

"நிஜ பஸ் டிரைவர் எதுக்கு அண்ணா கேம்ல பஸ் ஓட்டணும்?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். "எனக்கு வலிப்பு. லைசன்ஸ் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அப்படியே, தண்ணீர் குடிக்கிற மாதிரி. சுபாவையும் டொக்டர்மாரையும் மனேச்சரையும் தவிர நான் சொன்ன முதல் ஆள்.

அவர் ஐயோ பாவம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த விளையாட்டுக்கு இந்தக் கார்ட் தாராளம், மிச்சப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்குங்கள் என்றார். நாற்காலிக்குக் காசு இல்லை. ஸ்ட்ரீமிங் தொடங்கினால் சொல்லுங்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது பார்க்க ஏதாவது வேண்டும் என்றார். கார்ட் நுழையுமா என்று பெட்டி நீளத்தை அளந்தீர்களா என்றும் கேட்டார். அளக்கவில்லை.

திரும்பும்போது ரெயில் நிலையம் மூடியிருந்தது. ஏதோ திருத்த வேலை. பஸ்தான். ஐந்து மாதமாக நான் பஸ்ஸில் ஏறவில்லை. ரெயில், நடை, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் ஏறினேன். ஸ்ட்ரெத்தத்தில் மாறி, பெக்கத்தில் மாறி. கார்ட் மடியில். டிரைவர் பிரேக் போடும் இடமெல்லாம் என் வலது கால் தரையை அமத்தியது. ஓர் இடத்தில் அவன் கொஞ்சம் பிந்திப் போட்டான், கார்ட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். பெக்கத்தில் ஒரு மனுசி ஓடி வந்தாள். கதவை மூடிவிட்டான், பிறகு திறந்தான். நானும் திறந்திருப்பேன்.

ஓட்டுவதை நினைத்து ஏங்குகிறேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கதவைத்தான் போலிருக்கிறது. ஆட்கள் ஏறுவது, ஏறும்போது சொல்லும் ஒன்றுமில்லாத ஒரு 'மோர்னிங்'.

இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொன்னேன். கேட்டிருக்காது.

செவ்வாய், ஜனவரி 27

பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. சுபாவுக்கு லீவு நாள். மேசையில் பழைய பெட்சீற் விரித்து வேலை.

பெட்டி நீளம் போதவில்லை. கார்ட்டின் வால் ஹார்ட் டிஸ்க் வைக்கிற தகரக் கூட்டில் இடித்தது. எங்களிடம் ஹார்ட் டிஸ்க் இல்லை, அதற்குப் பதில் சின்னச் சிப் மாதிரி ஒன்றுதான். ஆகவே கூட்டைக் கழற்றி எறிந்தோம். ப்ரோசெசர் வைக்கும்போது என் கை நடுங்கியது, குளிசையின் வேலை. சுபா கையைப் பிடிக்கவில்லை, லைட்டை மட்டும் கிட்டப் பிடித்தாள். மெல்ல வைத்தேன். பூட்டியது.

சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு.

மெமரியைக் கழற்றி மாட்டினேன். கறுப்பு. கேபிள் எல்லாம் இழுத்துப் பார்த்தேன். கறுப்பு. இவ்வளவு காசையும் பாழாக்கிவிட்டேன் என்று நினைத்து, இந்தத் தலையை வைத்துக்கொண்டு என்னால் இனி ஒன்றும் ஏலாது என்றுகூடச் சொல்லிவிட்டேன். சுபா முகம் மாறியது. தேத்தண்ணி வைக்கப் போனாள்.

நித்யாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில்: திரையின் வயரை மதர்போர்ட்டில் குத்தியிருக்கிறீர்கள், கார்ட்டில் குத்துங்கள், எல்லாரும் முதல் தடவை செய்கிற பிழை.

வயரை ஒரு சாண் கீழே மாற்றிக் குத்தினேன். வெளிச்சம்.

குசினிக்குப் போய்ச் சுபாவிடம் சொன்னேன். அவள் அழுதிருந்தாள். கம்ப்யூட்டருக்காக இல்லை. மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணியில் சீனி கூட. குடித்தேன்.

சனி, ஜனவரி 31

மழை. நித்திரை நல்லது.

முதல் ஸ்ட்ரீமிங், பின்னேரம். பஸ் கராஜை விட்டு வெளியே வந்தது. கண்ணாடியில் மழைத்துளிகூடத் தெரிகிறது. பெயரில்லாத ஏதோ ஒரு ஐரோப்பிய ஊர். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், இரண்டு தரம் நடைபாதையில் ஏற்றினேன். கொன்ட்ரோலரில் பஸ் ஓட்டுவது கரண்டியால் மண் கிண்டுகிற மாதிரி.

பார்த்தவர்கள் இரண்டு பேர். அடுத்த அறையில் போனோடு சுபா, தன் வீட்டில் நித்யா. என்ன பேசுவது என்று தெரியாமல் ஸ்டொப்புகளின் பெயர்களை வாசித்தேன். பிறகு, இப்படியான வளைவில் பஸ்ஸின் பின்சில்லு எங்கே உருளும் என்று சொன்னேன். பிறகு வாய் நிற்கவில்லை. சுபா வந்து தோளில் தட்டித்தான் நிறுத்தினாள், எழும்பி நடக்கும் நேரமாம்.

சாப்பிடும்போது சொன்னாள், ரவியண்ணைக்கும் லிங்கை அனுப்புங்கோ என்று. தான் அனுப்பமாட்டாளாம், நான்தான் அனுப்ப வேண்டுமாம்.

பாத்திரம் கழுவி முடித்துவிட்டு அனுப்பினேன். நாளைக்கு மூன்று மணி என்று மட்டும் எழுதி.

ஞாயிறு, பெப்ரவரி 1

காற்று. குளிசை போட்டாயிற்று. சுபா சோபாவில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குத் தொடங்கினேன். நித்யா வந்தார். யாரென்று தெரியாத ஒருவர் வந்தார். பிறகு ரவியண்ணை. டிப்போவில் ஓட்டும் இளம் பெடியள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். நான் வரச் சொன்னது அவரை மட்டும். ஓட்டிக்கொண்டே இருந்தேன். வளைவைப் பற்றி ஏதோ சொன்னேன். பெடியள் சிரிக்கிற படம் போட்டார்கள். நல்லாய்த்தான் போனது.

ரவியண்ணை எழுதினார்: நாரி சுகமோ? எப்ப திரும்பி வாறாய்?

திரையின் ஓரத்தில் அந்த வரி நின்றது. மேலே போகவில்லை, வேறு யாரும் ஒன்றும் எழுதவில்லை. உடுப்பு மடிக்கிற சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு, பஸ் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணை, எனக்கு நாரி நோ இல்லை. வலிப்பு. குசினியில விழுந்தன், பிறகு கடையடியில. பஸ் லைசன்ஸ் போயிட்டுது. நான் இனித் திரும்பி வரமாட்டன். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

என் குரல் எனக்கே மைக்கில் பெரிதாகக் கேட்டது. விளக்குப் பச்சையானது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது, விளையாட்டுக் கார்தான். எடுக்க மறந்துவிட்டேன். பிறகு எடுத்தேன். திரையின் ஓரத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பார்ப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இன்னும் இரண்டு வளைவு. பிறகு ரவியண்ணையின் வரி வந்தது.

"முன்னால ஸ்டொப்பில சனம் நிக்குது. கதைச்சுக்கொண்டு தாண்டிப் போயிடாதை."

பிரேக். கதவைத் திறந்தேன்.