ஜெயரட்ணம் நத்தை

வோபர்ன், ஸ்காபரோ
9.3.1997

அன்பின் நாயகி,

நீ களப்புத் தண்ணீரில் பிடித்து அனுப்பிய நத்தைகள் வந்து சேர்ந்தன. போர்மலினில்! அற்ககோலில் போடு, கிடைக்காவிட்டால் கடும் சாராயத்தில் போடு என்று எத்தனை தரம் எழுதினேன்? போர்மலினில் ஊறியதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியாது. பேராசிரியர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். நம்முடைய நத்தை புதிய இனம் என்பதை ஓட்டிலுள்ள வரிகளை மட்டும் காட்டினால் இப்போது இங்கே ஒருவரும் ஏற்பதில்லை. தயவுசெய்து இன்னொருமுறை பிடித்து அனுப்பு. பனி இன்னும் கரையவில்லை. பஸ்ஸுக்கு நின்றே கால் விறைத்துப்போகிறது.

உன் வேரோனிக்கா

யாழ்ப்பாணம்
20.4.1997

அன்பின் வேரோ,

சாராயம் வாங்கத் தவறணைக்கு நானே போனேன். "ரீச்சர், உங்களுக்கோ?" என்று தவறணைக்காரன் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. ஆமிக்காரர் மறிக்கும் சென்றியில் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்கள். களப்பில் இறங்க ஆமிக்காரனிடம் கெஞ்சினேன். இவ்வளவும் எதற்கு? நத்தையின் நாக்கிலுள்ள பல்லையும் ஓட்டின் வரியையும் பார்த்து, இது வேறு இனம் என்று நாம் இருவரும் சேர்ந்துதானே எழுதினோம்? என் கணவர் காணாமல் போன அடுத்த வருடம் அவர் பெயரை அதற்கு வைத்தபோது நீயும் கையெழுத்து வைத்தாய். இப்போது மெஷின் சொன்னால்தான் உனக்கு நம்பிக்கை. அனுப்பியிருக்கிறேன். இனிமேல் கேட்காதே.

அருள்நாயகி

வோபர்ன்
15.7.1997

அன்பின் நாயகி,

எழுதக் கை வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். நம்முடையதும் முன்பே பெயர் வைத்திருந்த பழைய நத்தையும் ஒரே இனம்தான். உப்புக் கூடிய தண்ணீரில் வளர்வதால்தான் வரி விழுகிறது போலும். பெயர் வைக்கும் விதி உனக்குத் தெரியும், முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். ஜெயரட்ணம் அண்ணையின் பெயரை எடுக்க வேண்டும். அதை அறிவிக்க நான் எழுதும் கட்டுரையில் உன் பெயரும் வர வேண்டும் என்று வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். கோபித்தாலும் பதில் போடு.

வேரோ

யாழ்ப்பாணம்
2.9.1997

வேரோனிக்கா,

கட்டுரையை அனுப்பு. நீ கண்டது சரியாகத்தான் இருக்கும். என் பெயர் மட்டும் வேண்டாம். உன்மேல் கோபம்தான், இல்லையென்று பொய் எழுத மாட்டேன்.

கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் இருந்தவரைக்கும் "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். அவரைத் தேடிப் போன முகாம்களிலும் பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதித்தான் நீட்டினேன். வகுப்பில் நத்தையைக் கையில் வைத்திருக்கும்போது மட்டும் அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்வேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டாய்.

நேற்றுக் கரும்பலகையில் அந்தப் பெயரை அழித்துவிட்டுப் பழையதை எழுதினேன். "ஆர் மிஸ் அந்த ஜெயரட்ணம்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"என்ர மனுசன்," என்றேன். "ஜெயரட்ணம் என்ர மனுசன்."

அருள்நாயகி