பதினொரு பேருக்காகத் தேர்வில் நின்ற வெல்டரின் விசா பற்றி

அனுப்புநர்
வெல்டர் ஒருவரின் மகள்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
அரசு பெண்கள் பள்ளி.

பெறுநர்
உயர் அதிகாரி அவர்கள்,
வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: என் அப்பாவின் கைவேலையைக் காட்டிப் பிறருக்குத் திறன் பணியாளர் விசா வாங்கிக் கொடுத்துவிட்டு, அவருக்கு உதவியாளர் விசா தர முயலும் முகவர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் கிழித்துப் போடுவார். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

1. அப்பா இருபத்திரண்டு வருடமாக வெல்டர். உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைப்பவர். வெளிநாட்டுக் கம்பெனி வேலைக்காக, இரண்டு வருடத்துக்கு முன் முகவரிடம் பாஸ்போர்ட்டையும் அனுபவச் சான்றிதழ்களையும் கொடுத்தார். அவை இன்றுவரை திரும்பி வரவில்லை.

2. திறன் பணியாளர் விசாவுக்கு, கம்பெனியின் தேர்வாளர் முன்னால் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். அப்பா வேலை கற்றுக்கொடுக்கும் முகவரின் பயிற்சிக் கூடத்தில்தான் இது நடக்கிறது. வாசலில் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே ஆளுக்கொரு தடுப்புக்குள் போனதும் எல்லோரும் முகம் முழுவதையும் மறைக்கும் வெல்டிங் கவசம் போட்டுக்கொள்கிறார்கள். அங்கேதான் ஆள் மாறுகிறது. வேறொருவரின் எண் உள்ள சட்டையை மாட்டிக்கொண்டு என் அப்பா பற்றவைக்கிறார். சாப்பாடு கொண்டுபோனபோது பின்கதவு வழியாக நானே பார்த்தேன். இடது பூட்ஸில் நான் கட்டிய பச்சைக் கயிறு எனக்குத் தெரியாதா?

3. இப்படிப் பதினொரு பேர் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் முகவர், "இவர மட்டும் ஏத்தி விட்டுடுங்க மாஸ்டர், அடுத்த ஃபிளைட் உங்களுக்குத்தான்" என்பார். ஒருமுறை தேர்வாளர் வேலையைப் பார்த்து அசந்துபோய்க் கைகொடுத்தாராம். கொடுத்தது, எதிர்வீட்டுப் பெயின்டர் மாமாவுக்கு. அப்பா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் பாஸ் போட்டுக் குடுத்துட்டீங்க, உங்க ரிசல்ட் எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

4. அந்தப் பெயின்டர் மாமா போன வாரம் வீடியோ அழைப்பில் அழுதார். "அண்ணே, பாய்லர் குழாயப் பத்த வைக்கச் சொல்றாங்கண்ணே. நான் செவுத்துக்குப் பெயின்ட் அடிச்சவண்ணே!" அப்பா ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். "கை நடுங்குச்சுன்னா வெல்டிங் ராட கீழ வச்சுருடா. அது வெடிச்சா நீ மட்டும் போக மாட்ட" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. பதினொரு தேர்ச்சிச் சான்றிதழிலும் உங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது. பதினொன்றும் ஒரே கையின் வேலை என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா ஐயா?

5. அடுத்த மாதம் பதினேழாம் தேதி அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயது முடிகிறது. அதன்பின் திறன் பணியாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. அவருடைய இணையப் படிவத்தை நிரப்பியது நான். திங்கட்கிழமை திறந்து பார்த்தபோது விசா வகை 'உதவியாளர்' என்று மாறியிருந்தது. அதே கம்பெனி. பெயின்டர் மாமாவுக்கு ராடு எடுத்துக் கொடுக்கும் வேலை! அப்பா போய்க் கேட்டதற்கு, "வாயத் தொறந்தா மொதல்ல உள்ள போறது நீங்கதான் மாஸ்டர்" என்றாராம் முகவர்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாவது ஆளுக்குத் தேர்வு. மூன்றாவது தடுப்பு. தயவுசெய்து சொல்லாமல் வாருங்கள். முகவரை முன்கூட்டியே கூப்பிட்டு விசாரித்தால் எல்லாம் மறைந்துவிடும். பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் மீட்டுத் தாருங்கள். பதினேழாம் தேதிக்குள், சொந்தப் பெயரில், அப்பாவுக்கு ஒரே ஒரு தேர்வு வையுங்கள்.

மொட்டைக் கடிதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் பெயர்களையும் முகவரின் விலாசத்தையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதை முகவரிடம் காட்டிவிடாதீர்கள். பதிலைப் பள்ளிக்கே அனுப்புங்கள்.

அப்பா செய்தது தவறு. பெற்ற அப்பாவையே மாட்டிவிடுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். சட்டப்படி அவர் மீது வழக்குப் போட வேண்டியிருந்தால் போடுங்கள். ஆனால் அந்த வழக்குத் தாளில் தொழில் என்ற இடத்தில் 'உதவியாளர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. வெல்டர் என்று எழுதுங்கள்.

நாள்: புதன்கிழமை இரவு
இடம்: வீடு

பயத்துடன் கையெழுத்திடும்,
வெல்டரின் மகள்

இணைப்பு: தனித்தாள் ஒன்று, படிவ நகல் ஒன்று.