காரியத்துக்கு ஒரு புடவை

இன்று காலை என் பட்டுக் கடைக்கு ஒருவன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், நெற்றி நிறையத் தலைவலித் தைலம். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பாம். உன் மேல் எப்போதும் அடிக்கும் அந்த வாடை அடித்ததும், "காபி சொல்லட்டுமாடா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பில் மேசைக்கு இந்தப் பக்கம், நீ உட்காரும் நாற்காலியில்தான் அவனும் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஏ.ஐ. மென்பொருள் படம் போடுமாம், பதில் எழுதுமாம், சரக்குக் கணக்கும் பார்க்குமாம். நீ இருந்திருந்தால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்வி போட்டிருப்பாய்: "இது எதைச் செய்யாது? அதைச் சொல்லுங்க." நான் அதையே கேட்டேன். அவன் மறுபடியும் அது செய்வதையே அடுக்க ஆரம்பித்தான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ சென்னையில் வேலை போய் ஆரணிக்குத் திரும்பி வந்தபோது, 'சுயேச்சை ஏ.ஐ. ஆலோசகர்' என்று அட்டை அடித்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றாய். "சுயேச்சையா? எந்த வார்டுல நிக்கிற? டெபாசிட்டாவது தேறுமா?" என்று கேட்டேன். சேவூர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை ஒன்றாகப் படித்தவளுக்கு அந்த உரிமை உண்டு. உனக்குக் கோபம் வரவில்லை. "எந்தக் கம்பெனிக்காரன்கிட்டயும் கமிஷன் வாங்க மாட்டேன், முதலாளியம்மா. வாங்கினா என் வாய் அவனுக்குத்தான் பேசும்" என்றாய். ஊரே உன்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றது. நானும் சொன்னேன், உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

ஆனால் வேலையில் உன்னைக் குறை சொல்ல முடியாது. புடவையை விரித்துப் போட்டுப் படம் எடுத்தால், ஓர் அழகி அதைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் மாற்றித் தரும் மென்பொருளைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். நீ படத்தைப் பெரிதாக்கி முந்தியைக் காட்டினாய். நம் முந்தியில் இருந்த அன்னம் அங்கே வாத்தாகியிருந்தது. கரையில் ஒரு வரி ஜரிகையையும் அதுவே சேர்த்திருந்தது. "இது உன் புடவை இல்ல, அது நெய்த புடவை. வாங்கினவங்க ஜல்தியா திருப்பி அனுப்புவாங்க" என்று அதைத் தள்ளிவிட்டாய். வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தாய். அது பேசவேண்டிய வாக்கியங்களை நீயே எழுதினாய். ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து ரசித்தாய். ஜோடியாக வேட்டி எடுக்கச் சொல்லும் வாக்கியத்தில் உனக்குத் தனிப் பெருமை. அதற்குப் பிறகு வேட்டி விற்றதும் உண்மைதான்.

அந்த நாட்களில் நீ விற்பனைப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, என்னென்ன சொல்லிப் புடவை கேட்பார்கள் என்று விசாரித்தாய். முகூர்த்தம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, சர்ச் கல்யாணம் என்று அடுக்கினார்கள். பேரம் பேசுபவர்கள், கட்டிவிட்டுத் திருப்பித் தருபவர்கள், சும்மா கேட்டு நேரம் போக்குபவர்கள், ஒருவரையும் நீ விடவில்லை. "கெட்டதுக்கு வாங்க வர்றவங்க?" என்றும் கேட்டாய். மூத்தவள் பதறிவிட்டாள். "வெளக்கேத்துற நேரத்துல இன்னா சார் பேச்சு இது? கடை வெளங்குமா?" நீ சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். கம்பெனிக்காரர்களை வியர்க்க வைத்த ஆள், ஒரு விற்பனைப் பெண்ணின் அதட்டலுக்கு அடங்கிப்போனாய்.

பட்டுக் கடையில் அந்தப் பேச்சே கிடையாது என்பது உனக்கும் தெரியும். புருஷன் போனவளுக்குப் பிறந்த வீடு எடுத்துப் போடும் கோடிப் புடவைக்கு வருபவர்கள், ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்தி, "காரியத்துக்கு" என்பார்கள். அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வோம். பையில் மஞ்சள் குங்குமப் பொட்டலம் போடமாட்டோம், மறுபடி வாங்க என்று சொல்லமாட்டோம். கல்யாணத்துக்கு வருபவர்களும் காரியம் என்றுதான் சொல்வார்கள், ஆனால் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நீ வைத்துவிட்டுப் போனதற்கு எழுத்துதான் தெரியும், முகம் தெரியாது.

பிறகு நீ செத்துப்போனாய். செய்யாருக்கு, வேலை தருவதாக இழுத்தடித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்க்கப் போனாய். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் நீ ஜன்னலில் சாய்ந்திருந்தாயாம். தூங்குகிறாய் என்று நினைத்து கண்டக்டர் தோளைத் தட்டினாராம். உன் சாவுக்கு வந்ததிலேயே பெரிய மாலை, உன்னால் வியாபாரம் கெட்ட சாஃப்ட்வேர் ஏஜெண்டினுடையது. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டே போட்டான்.

கருமாதிக்கு முன்னால் உன் மைத்துனன் தேசூரிலிருந்து வந்திருந்தான். நீ அவ்வளவு மெச்சிய கடையிலேயே அக்காவுக்குப் புடவை எடுக்கவேண்டும் என்பது அவன் ஆசை. உன் மனைவி சுமதியின் போனில் எங்கள் நம்பர் இருந்தது, அதிலிருந்தே அனுப்பினான். 'அக்காவுக்கு காரியத்துக்கு ஒரு பட்டுப் புடவை வேணும். பொறந்த வீட்ல இருந்து எடுக்குறோம்.' அவனும் கோடி என்ற சொல்லைச் சொல்லக் கூசியிருக்கிறான். பதில் வருவதற்குள் போன் சுமதியின் கைக்குப் போய்விட்டது.

'ரொம்ப சந்தோஷங்க! உங்க வீட்டு நல்ல காரியத்துல நாங்களும் கூட நிக்கிறோம். மாப்பிள்ளைக்கும் ஜோடியா ஒரு பட்டு வேட்டி பார்க்கலாமா?'

ஒவ்வோர் எழுத்தும் நீ எழுதியது. வீட்டிலும் படித்துக் காட்டியிருக்கிறாய், அதனால் அவளுக்கு மனப்பாடம். அவள் பதில் அடித்தாள்: 'மாப்பிள்ளைக்கு வேணாம்.' உடனே வந்தது: 'பரவாயில்லைங்க! அவருக்கு வேற கலர் காட்டட்டுமா?'

மைத்துனன் போனில் என்னிடம் கத்தியபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஓடினேன். சுமதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, போனை நீட்டினாள். படித்தேன். அந்த நேரத்தில் உன்னை ஓங்கி ஒரு அறை விடவேண்டும்போல் இருந்தது. அறைவதற்கு நீ இல்லை என்பது அடுத்தபடியாகத்தான் உறைத்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஏடாகூடமானால் உடனே எனக்குப் போன் அடி என்பது உன் உத்தரவு அல்லவா? பழக்கத்தில் விரல் உன் பெயரை அழுத்திவிட்டது.

உள் அறையில், மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே, உன் போன் அடித்தது. யாரும் அதை அணைத்து வைத்திருக்கவில்லை.

"எடுக்க மாட்டாருக்கா," என்றாள் சுமதி. "வேட்டிக்குக் கலர் பாத்துகினு இருக்காரு."

நான் கடைக்கு வந்து, அன்றைக்கே நானே ஒரு புடவை எடுத்து அனுப்பினேன். அவள் அதைப் போட்டுக்கொண்டாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. அவளும் என் கடைப் பக்கம் வருவதில்லை. வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா" என்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

நீ பெருமைப்பட்ட வாக்கியத்தை அழித்தேன். அந்த ஏ.ஐ.க்குக் கட்டளை எழுத நீ காட்டிக்கொடுத்த இடத்தில் தட்டுத்தடுமாறி எழுதினேன்: காரியம் என்று யார் சொன்னாலும் நீ பதில் சொல்லாதே, என்னைக் கூப்பிட்டு அவர்களோடு பேச வை. சொன்னபடி கேட்கிறது. இப்போது இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் தாலி இறங்கினாலும் என் போன் அடிக்கிறது. சாப்பிடும்போது, கோயிலில் நிற்கும்போது, பேரனைத் தூக்கிவைத்திருக்கும்போது அடிக்கிறது. எடுத்து, குரலைத் தாழ்த்தி, யார் தவறியது என்று கேட்டு, நிறம் சொல்லி, மறுபடி வாங்க என்று சொல்லாமல் வைக்கிறேன். இதற்குத்தான் உனக்குக் கூலி கொடுத்தேன் போலிருக்கிறது.

போன வாரம் செய்யாரிலிருந்து ஓர் அம்மா. அதே மணி அடித்தது. எடுத்ததுமே, "தவறுனது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அடிப்பாவி! எம்பொண்ணு கல்யாணக் காரியமா பேசணும்னு மெசேஜ் போட்டேன். ஒன் நாக்குல நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தி, போனை வைத்துவிட்டாள்.

அவள் மேல் கோபம் வரவில்லை, உன் மேல்தான் வந்தது. நீ தேர்ந்தெடுத்த மென்பொருளுக்குக் காரியம் என்றால் கல்யாணம். எனக்குக் காரியம் என்றால் நீதான்.