பதினோரு நிமிடம் பின்னோக்கி

ஆன்ட்டி, பெரிய செய்தி, இன்று காலை உங்கள் டேப் முதல்முறையாக நேராக ஓடியது, முதலிலிருந்து கடைசிவரை, பதினோரு நிமிடமும், நீங்கள் ஒட்டிய ஓர் இடத்தில்கூட அறுபடாமல்!

டப்பாவைத் திறந்ததும் அந்தப் புளித்த காடி வாடை வந்தது. பழைய டேப் கெட ஆரம்பித்தால் வரும் வாடை. மைசூர் விஜயநகரில் உங்கள் முன்னறை முழுக்க அதுதான் இருக்கும். செய்தியைச் சொல்ல அங்கே ஓடி வரமுடியாது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

உங்கள் அண்ணன் மகன் ஒரு விற்பனைத் தளத்தில் பழைய டேப் ரெக்கார்டரின் படம் போட்டிருந்தார். மெஷினை விட்டுவிட்டுப் பின்னால் தெரிந்த அலமாரியைப் பெரிதாக்கிப் பார்த்தவள் நான். டப்பாக்களின் முதுகில் உங்கள் கையெழுத்து: ‘ஆசிலேட்டர் 3’, ‘தம்ளர், மெதுவாக’. மறுநாளே உங்கள் வாசலில் வந்து நின்றேன். வானொலியில் டேப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண், மண்டி மொஹல்லா கடைகளில் வாங்கிய உதிரிப் பாகங்களை வைத்து ஆசிலேட்டர் கட்டி, மின்னொலி எழுப்பி, அதை டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டி, அந்தக் காலத்திலேயே இசை செய்திருக்கிறார்!

“மெஷின் பாக்கத்தானே வந்தே?”

“இல்ல ஆன்ட்டி, உங்களப் பாக்க.”

“என்னைய விக்கறதா அவன் போடலியே.”

அன்றைக்கே ‘வீடு’ என்று எழுதிய டப்பாவையும் மெஷினையும் என்னிடம் கொடுத்தீர்கள். “பாத்து ஓட்டு” என்றீர்கள். நான் எல்லாவற்றையும் வீடியோ பார்த்துக் கற்றவள். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டினேன், ஓட்டினேன். முதலில் நீளமாக ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ உளறல் மாதிரி ஒரு சத்தம். கணினியில் ஏற்றிய பதிவிலிருந்து அதைக் குப்பை என்று வெட்டி எறிந்தேன். அதற்குப் பின் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு தம்ளர் ஒலி ஊறி எழுந்தது. அப்புறம் கரண்டி, குழாய், காலடி, கதவு. முடிவதற்குள் வீடே நிறைந்துவிட்டது. அழுதேவிட்டேன். ‘ஒரு வீடு விழித்தெழும் இசை, நம் மைசூரில் இப்படி ஒரு மேதை!’ என்று எழுதிப் பதிவேற்றினேன். எங்கெங்கிருந்தோ கேட்டார்கள், பகிர்ந்தார்கள். தினமும் காலையில் இதைப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதை என் போனில் உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

“உல்டா கணே.”

“என்னது ஆன்ட்டி?”

“தலகீழா ஓட்டியிருக்கே. செவப்பு முனை வெளிய இருந்துச்சா?”

“ஆமா.”

“செவப்பு கடைசி. பச்சதான் ஆரம்பம். ஓடி முடிச்சத அப்படியே எடுத்து வெப்போம். மறுபடி போடறதுக்கு முன்னாடிதான் திருப்பிச் சுத்துவோம். உன் வீடியோக்காரங்க யாரும் சொல்லலியா?”

சுற்றி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் நிழலாகப் பதியுமாம். முடிவு வெளியே இருந்தால் அந்த நிழல் ஒலிக்குப் பின்னால் விழும், எதிரொலி போலக் கேட்கும், காதை உறுத்தாது. அதனால் அந்த வழக்கம். ரேடியோவில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

“முன்னாடி கொஞ்சம் வெட்டிட்டியா?” என்று கேட்டீர்கள்.

“வெறும் குப்பைச் சத்தம் ஆன்ட்டி.”

“குப்பையா” என்றீர்கள். “அது வீடு முழிச்சிக்கறது இல்லம்மா. காலியாகறது. அக்கா கல்யாணமாகிப் போனா, அண்ணன் போனான், அம்மா போனாங்க. ஒவ்வொரு சத்தமா எடுத்துக்கிட்டே வந்தேன். மாத்திடு, என்ன?”

“இன்னிக்கே மாத்திடறேன்.”

ஒரே ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. அழுத்தவில்லை. இத்தனை பேர் கொண்டாடியதைத் தப்பு என்று எப்படி எழுதுவது? என்னை என்னவென்று நினைப்பார்கள்? அடுத்த வாரம் கேட்டீர்கள்.

“மாத்திட்டியா?”

“மாத்திட்டேன் ஆன்ட்டி.”

உங்களிடம் இருந்தது பழைய பொத்தான் போன். சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்கத் தோன்றியும் இருக்காது.

“ஜனங்க என்ன சொல்றாங்க?”

“அழுதுட்டாங்களாம்.”

“அப்போ அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு” என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் பொய் சொல்லி வாங்கினேன்.

நீங்கள் இறந்தபின் உங்களுக்காக நடந்த ஜெபக்கூட்டத்தில் உங்கள் அண்ணன் மகன் தன் போனை ஸ்பீக்கரில் இணைத்து, “அத்தையோட மியூசிக்” என்றார். என் பதிவுதான். காலியாகிவிட்ட உங்கள் வீட்டில், சுவரில் உங்கள் படத்துக்கு எதிரே, ஒரு வீடு விழித்தெழுந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“நீ இல்லன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது, தேங்க்ஸ்மா” என்றார் அவர்.

“பரவால்லண்ணா” என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். மீதி டப்பாக்களையும் என்னிடமே கொடுத்தனுப்பினார்.

இன்று காலை, பச்சை முனை தெரியும்வரை திருப்பிச் சுற்றிவிட்டு ஓட்டினேன். வீடு ஒவ்வொன்றாகக் காலியானது. கடைசித் தம்ளர் தட்டப்பட்டு, ஒலித்து, தேய்ந்து அடங்கியது. அப்புறம் என்னைவிடச் சின்னப் பெண்ணாக உங்கள் குரல்:

“யாராச்சும் இருக்கீங்களா?”

அதன்பின் நாற்பது நொடி வெற்று டேப். பதில் வருவதற்காக நீங்கள் விட்டுவைத்த இடம். நான் குப்பை என்று வெட்டியது இதைத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் ஆன்ட்டி.

பழைய பதிவை எடுத்துவிட்டேன். சரியானதைப் போட்டு, நான் செய்ததையும் சொன்ன பொய்யையும் அதன் கீழேயே இந்தக் கடிதமாக எழுதியிருக்கிறேன். டேப்பின் வெளிமுனையிலிருந்து உதிர்ந்த ஒரு விரல்நீளச் சிவப்புத் துண்டு என் போன் உறைக்குள் இருக்கிறது. எதையாவது பதிவேற்றும் முன் கையில் படுகிறது.

இதைப் படிக்கிறவர்களே, பழையதை வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். இதைக் கடைசிவரை கேளுங்கள். அந்த நாற்பது நொடியில் உங்கள் குரலில் ஒரு வார்த்தை பதிந்து எனக்கு அனுப்புங்கள். எந்த மொழியானாலும் சரி. எல்லாவற்றையும் அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்தில் சேர்த்து வைப்பேன். டேப்பில் கை வைக்கமாட்டேன்.

முதலாவதாக என்னுடையதைப் பதிந்திருக்கிறேன். நான்கு முறை பதிந்து அழித்தேன், ஐந்தாவது முறை வந்தது: “இருக்கேன் ஆன்ட்டி.”