ஒரு வாரத்தில் எழுதிய சட்டம்

காக்ஸ் டவுன், பெங்களூரு
ஞாயிறு மாலை

யோகோஹாமாவில் உட்கார்ந்தபடி என் வீட்டை ஆளும் டிரேவர் மச்சானுக்கு, உங்கள் தங்கை புருஷன் கவியரசன் எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. நீங்கள் நலமென்று தெரிகிறது. அதுதான் வயிறு எரிகிறது.

எஸ்தர் திரும்பி வர ஒன்பது நிபந்தனைகள் அனுப்பியிருக்கிறீர்கள். அவள் அங்கே வந்து இறங்கிய ஒரே வாரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டு, நானே மனமுவந்து எழுதியதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். சரித்திர வாத்தியார் புத்தி! போரில் தோற்ற ஜப்பானுக்கு அமெரிக்கர்களும் இப்படித்தான் ஒரு வாரத்தில் அரசியல் சட்டம் எழுதி, சக்கரவர்த்தி பெயரில் வெளியிட வைத்தார்கள். உங்களைத் திட்டுவதற்காகவே இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

முதல் நிபந்தனை, நான் சொன்னதே சரி என்று பேசக் கூடாது. சக்கரவர்த்தியையே 'நான் தெய்வமில்லை' என்று சொல்ல வைத்த ஊர்க்காற்று உங்களுக்கும் அடித்துவிட்டது. நான் என்ன தெய்வம்? பக்கத்து வீட்டு பாமா, "ஏன் சார், மேடம் இல்லன்னா குக்கர்கூட விசில் அடிக்காதா?" என்று தினம் கேட்கிறாள்.

நான்காவது, பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியில் எஸ்தர் வரக் கூடாது. ஐந்தாவது, அப்படியொரு தடை இருப்பதும் தெரியக் கூடாது. அந்தக் கால அமெரிக்கத் தணிக்கை அதிகாரிகளும் இதையேதான் செய்தார்கள். வெட்டிய இடம் வெற்றிடமாகக்கூடத் தெரியக் கூடாதாம். அயோக்கியத்தனம், மச்சான்! பதினெட்டு வருஷம் அவளை வைத்துத்தான் ஊரைச் சிரிக்க வைத்தேன்.

சர்ச் பாடகர் குழுவில் அவள் சுருதி விலகிப் பாடியதையும் எழுதினேன். அடுத்த ஞாயிறு அவள் பாட எழுந்ததுமே பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தாள். நானும் சிரித்தேன். அதை அவள் உங்களிடம் சொன்னாளோ என்னவோ.

ஜப்பான் பெண்களுக்குச் சம உரிமை தரும் பிரிவை எழுதியவள் இருபத்திரண்டு வயதுப் பெண்ணாம். உங்கள் பட்டியலிலும் ஏழாவது மட்டும் எஸ்தர் கையெழுத்தில் இருக்கிறது: 'நான் பாட உங்கள் அனுமதி வேண்டாம். சிரிக்காமல் உட்கார்ந்தால் போதும்.'

ஜப்பானுக்கு வந்த அமெரிக்கர்கள் ஏழு வருஷத்தில் ஆட்சியை விட்டுப் போனார்கள். திணித்த சட்டம் என்று சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். இதுவரை ஓர் எழுத்து மாறவில்லை. நானும் முணுமுணுப்பேன். கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

ஒன்பதாவதை மட்டும் அதற்குள் மீறிவிட்டேன். இனி யாரோடும் சண்டையில்லை என்பது. இன்று காலை பாடகர் குழுவில் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார வந்தாள். விடவில்லை.

ஆள்வதென்றால் நீங்களே ஆளுங்கள். அவளை மட்டும் விமானம் ஏற்றிவிடுங்கள்.

சரணடைந்த,
கவியரசன்